மேகத்தில் இருபது ஏக்கர்

விஜிதரனுக்கு மேகத்தில் இரண்டு டெராபைட் இடம் கிடைத்த அன்று மனம் நிறையச் சந்தோசம். அந்தச் சந்தோசம் சரியாக அரை மணித்தியாலம் இருந்தது. மண்டபத்துக்கு வெளியே வாய்ப்பனும் தேத்தண்ணியும் வைத்திருந்த மேசையடியில் நின்றபோது, பூநகரிக் கிளை அஜந்தனுக்கு இருபது கிடைத்திருக்கிறது என்று பின்னால் யாரோ சொன்னார்கள். வாயில் போட்ட வாய்ப்பன் அப்படியே நின்றது. விழுங்கவும் முடியவில்லை, அத்தனை பேர் முன்னால் துப்பவும் முடியவில்லை.

நடந்தது இதுதான். வன்னியில் உள்ள கிளை அலுவலகங்கள் தங்கள் பைல்களைத் தத்தம் கொம்பியூட்டர்களில் வைத்துக்கொண்டு, மின்னல் அடிக்கிற ஒவ்வொரு மாரிக்கும் பறிகொடுத்து வந்தன. அதற்கு முடிவு கட்டுவதற்காகக் கிளிநொச்சியில் வன்னி மேகக் களஞ்சிய அதிகாரசபை என்று ஒன்று எழும்பியது. மேகம் என்றதும் அண்ணாந்து பார்க்கத் தேவையில்லை. குளிரூட்டி பூட்டிய ஓர் அறை, அறைக்குள் அலுமாரி அளவில் ஒரு சேர்வர், சேர்வருக்குள் நாற்பது டெராபைட் டிஸ்க். எந்தக் கிளையும் இருந்த இடத்திலிருந்தே தன் பைல்களை அதற்குள் அனுப்பி வைக்கலாம். யாருக்கு எவ்வளவு இடம் என்பதை அதிகாரசபை தீர்மானிக்கும்.

அதிகாரசபையின் பணிப்பாளர் முத்துலிங்கம் முப்பத்தொரு வருடம் காணிகளோடு மாரடித்து ஓய்வுபெற்று, ஓய்வு பிடிக்காமல் ஒப்பந்தத்தில் திரும்பி வந்தவர். எதைப் பங்கிடுவதற்கும் அவருக்குத் தெரிந்தது ஒரேயொரு வழி, கச்சேரி வைப்பது. காணி கேட்டு வருகிறவர்களைக் காணிக் கச்சேரியில் ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டு விசாரிப்பதுபோல, இடக் கச்சேரி வைத்து உத்தியோகத்தர்களைக் கூப்பிட்டு விசாரித்தார். விண்ணப்பப் படிவமும் பழைய காணிப் படிவம்தான். ‘காணி’ என்று இருந்ததை வெட்டி, மேலே ‘இடம்’ என்று பேனையால் எழுதியிருந்தார்கள். ஆகவே தனக்கு எத்தனை பிள்ளைகள், எத்தனை மாடுகள், குடிதண்ணீருக்கு எவ்வளவு தூரம் போகவேண்டும் என்பதையெல்லாம் நிரப்பித்தான் விஜிதரன் மேகத்தில் இடம் கேட்க வேண்டியிருந்தது.

“ஒரு டெராபைட்டை ஒரு ஏக்கர் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ,” என்று பணிப்பாளர் தொடக்க உரையில் சொன்னார். “டெராபைட் எனக்கு விளங்காது. ஏக்கர் விளங்கும். விளங்காத ஒண்டை நிருவகிக்கிறதெண்டால், முதல்ல அதை விளங்கின ஒண்டா மாத்திப்போடோணும். நிருவாகம் எண்டுறது அதுதான்.”

எல்லோரும் கைதட்டினார்கள். விஜிதரனும் தட்டினான். அவன் இரணைமடுப் பக்கத்துக் காணிப் பதிவுக் கிளையின் உத்தியோகத்தன். சனத்தின் பத்திரங்களை ஸ்கான் பண்ணிச் சேமிப்பது அவன் வேலை. ஆயிரத்துச் சொச்சம் குடும்பங்களின் பத்திரங்கள் அரை டெராபைட்டுக்குள் அடங்கும், பத்து வருட வளர்ச்சியையும் சேர்த்தால் இரண்டு போதும் என்று கணக்குப் பார்த்து, மனச்சாட்சிக்குப் பயந்து இரண்டு கேட்டான். அஜந்தன் பூநகரியில் அதே வேலையை அதைவிடக் குறைந்த சனத்துக்குச் செய்கிறவன். அவன் கலரில் ஒரு வரைபடம் போட்டுக்கொண்டு வந்து இருபது கேட்டான். கேட்டவருக்குக் கேட்டபடி கொடுத்துவிட்டார் பணிப்பாளர்.

அதோடு முடிந்திருந்தால் விஜிதரன் ஒரு கிழமையில் மறந்திருப்பான். ஆனால் காணி அனுமதிப்பத்திரத்தில் நான்கு எல்லைகளும் எழுத வேண்டும் என்பதால் இட அனுமதிப்பத்திரத்திலும் நான்கு எல்லைகளும் எழுதினார்கள். டிஸ்குக்குள் வடக்கு ஏது, தெற்கு ஏது? பதிவேட்டில் அடுத்த வரியில் இருந்தவர்களை எல்லைக்காரர் ஆக்கினார்கள். விஜிதரனின் பத்திரத்தில் கிழக்கே பாதை ஒதுக்கு, தெற்கே மேய்ச்சல் தரை, மேற்கே அரச ஒதுக்கு என்று இருந்தது. வடக்கே, பூநகரிக் கிளை அஜந்தன், விஸ்தீரணம் இருபது. அதைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது விதி. விஜிதரன் தினமும் கதிரையில் இருந்து நிமிர்ந்தால் கண்ணில் படுவது அதுதான்.

அஜந்தன்மேல் அவனுக்கு இருந்த எரிச்சல் புதியதல்ல. இருவரும் ஒரே வகுப்பு. சாதாரணதரப் பரீட்சையில் அஜந்தனுக்கு ஓர் ஏ கூடுதல். இருவரும் மோட்டார் சைக்கிள் எடுத்தபோது அஜந்தனுடையது இருபத்தைந்து சீசீ கூடுதல். யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் எல்லோரும் ஒரே மாதிரி எல்லாவற்றையும் இழந்து கிடந்த காலத்தில்கூட, அஜந்தனின் கூடாரம் தண்ணீர்க் குழாய்க்கு நான்கு கூடாரம் கிட்ட இருந்தது. இவ்வளவுக்கும் அஜந்தன் இவனுக்கு ஒரு கெடுதியும் செய்ததில்லை. விஜிதரனை அதிகம் வருத்தியது அதுதான்.

பங்குனி மாதம் மீளாய்வுக் கூட்டம் வந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் சிவதர்சினி எழுந்து ஒரு சின்னச் சந்தேகம் கேட்டாள். அந்த அதிகாரசபையில் சேர்வரைத் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

“சேர், நாங்கள் குடுத்தது நானூற்றிப் பன்னிரண்டு. கிடக்கிறது நாப்பது.”

“பிள்ளை, பூட்ட வந்த எஞ்சினியர் என்ன சொன்னவர்? இருக்கிறதைவிடக் கூடக் குடுக்கலாம், எல்லாரும் ஒரே நேரத்தில முழுசாப் பாவிக்க மாட்டினம் எண்டுதானே?”

“அறுபதுக்கு மேலை போகவேண்டாம் எண்டும் சொன்னவர், சேர். எவ்வளவு நிரம்பிட்டுது எண்டு ஒவ்வொரு நாளும் பாக்கவும் சொன்னவர்.”

பணிப்பாளர் அதை எஞ்சினியரின் சொந்தக் கருத்து என்று குறித்துக்கொள்ளும்படி சொன்னார். சிவதர்சினி விடவில்லை. சிறுபோகத்துக்கு முன்னால் இரணைமடுக் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்த்துத்தானே எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள், தண்ணீரைப் பாராமல் ஏக்கரை எழுதிக் கொடுத்தால் பயிர் என்ன ஆகும் என்று கேட்டாள். மண்டபத்தில் பாதிப்பேர் வயல் வைத்திருப்பவர்கள். சிலர் தலையாட்டப் பார்த்து, பணிப்பாளரின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார்கள்.

“குளத்தில தண்ணி குறைஞ்சால் சனம் பாக்கும்,” என்றார் பணிப்பாளர் பொறுமையாக. “அதால அங்க அளந்துதான் குடுக்கோணும். மேகத்தை ஆர் போய்ப் பாக்கிறது? நாங்கள் குடுக்கிறது இடமில்லைப் பிள்ளை, அனுமதிப்பத்திரம். அதுக்கொரு தட்டுப்பாடும் இல்லை. போன கிழமையும் ஐம்பது கட்டுக் கடதாசி வந்து இறங்கினது.”

அடுத்த வாரம் சுற்றுநிருபம் வந்தது. காணிச் சட்டத்தில் உள்ளதுபோலவே, அபிவிருத்தி செய்யாமல் வெறுமனே கிடக்கும் இடங்கள் பரிசோதிக்கப்பட்டு, ரத்துச் செய்யப்பட்டு, அயல் எல்லைக்காரருக்கு வழங்கப்படும். விஜிதரன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தான். பாதைக்கும் மேய்ச்சல் தரைக்கும் அரசுக்கும் இவனுடைய இடம் தேவையில்லை. எடுக்கக்கூடிய எல்லைக்காரன் ஒருவன்தான். இவனுடைய இரண்டில் ஒன்றரை வெறுமையாகக் கிடந்தது. இருபது வைத்திருக்கிறவனுக்கு அந்த ஒன்றரையும் போய்ச் சேர்ந்தால் என்ற நினைப்பு வந்ததும் அவனுக்குக் காதுமடல் சுட்டது.

காணி காப்பாற்றுகிற வழி வன்னியில் எல்லோருக்கும் தெரியும். முதலில் வேலி அடைக்க வேண்டும். உள்ளே என்ன வைக்கிறோம் என்பது பிறகு பார்க்க வேண்டிய விசயம். விஜிதரனிடம் அதிகாரசபையின் திறப்புவிழா வீடியோ ஒன்று இருந்தது. மூன்று மணித்தியாலம் இருபது நிமிடம், அதில் இரண்டு மணித்தியாலம் பணிப்பாளரின் பேச்சு. அவனிடம் இருந்தவற்றில் ஆகப் பெரிய பைல் அதுதான். அதற்கு ‘வடக்கு வேலி ஒன்று’ என்று பெயர் வைத்து மேகத்தில் ஏற்றினான். பிறகு ‘வடக்கு வேலி இரண்டு’. நூற்றைம்பது தடவை அதே வீடியோவை ஏற்றி முடித்தபோது இடம் நெருக்கமாக நிரம்பிவிட்டது. அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினான்.

பரிசோதனைக் குழு மூன்று பேராக வாகனத்தில் வந்து இறங்கியது. விஜிதரனைக் கொம்பியூட்டர் திரைக்குப் பக்கத்தில் நிறுத்தி, கையில் ‘2.00’ என்று எழுதிய பலகையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஒருவர் திரையின் நீள அகலத்தை நாடாவால் அளந்து எழுதினார். எதற்கு என்று விஜிதரன் கேட்டதற்கு, படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறது என்றார். உள்ளே என்ன பயிர் என்று தலைவர் விசாரித்தார். பணிப்பாளர் ஐயாவின் உரை என்றான் இவன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ‘பூரண அபிவிருத்தி’ என்று எழுதி, மேலதிகமாக ஆறு சிபாரிசு செய்துவிட்டு, இளநீர் குடித்துப் போனார்கள்.

இரண்டு எட்டாகிவிட்டது. விஜிதரன் இரண்டு நாள் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். மூன்றாம் நாள், அஜந்தனின் இருபது முப்பதாகிவிட்ட செய்தி வந்தது. அஜந்தன் பூநகரிக் கடல்நீரேரியைப் பார்த்து ஒரு கமரா பூட்டி, இரவு பகலாக ஓடவிட்டு, ஒன்றும் நடக்காத தண்ணீரை நாள் தவறாமல் மேகத்தில் சேமிக்கிறானாம். பரிசோதனைக் குழு அதை ‘நீண்டகாலப் பயிர்’ என்று புகழ்ந்து எழுதியதாம்.

பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. கால்நடைக் கிளை ஒரே பசுவை நான்கு பக்கமும் படமெடுத்து நாலாயிரம் பசுவாக்கியது. கலாசாரக் கிளை கூட்டம் வைத்து, கூட்டத்தைப் பதிவுசெய்து, பதிவைப் பார்ப்பதற்கு ஒரு கூட்டம் வைத்து, அதையும் பதிவுசெய்தது. விஜிதரனின் எட்டு பன்னிரண்டானது. அவன் காலையில் கந்தோருக்கு வந்ததும் வீடியோவைக் கொப்பி பண்ணக் கொடுத்துவிட்டு, மாலையில் எண்ணிப் பார்த்துப் போனான். வேலி தொள்ளாயிரத்தைத் தாண்டியது. பணிப்பாளரின் பேச்சு அவனுக்கு மனப்பாடமாகிவிட்டது.

இந்த நேரத்தில்தான் சிவலட்சுமி அக்கா ஒரு பிளாஸ்டிக் பையோடு கந்தோருக்கு வந்தாள்.

அவளுடைய தாயும் தகப்பனும் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்திலிருந்து அடித்துக் கலைக்கப்பட்டு வந்து, இரணைமடுவுக்குக் கீழே காடு வெட்டிக் குடியேறியவர்கள். அவள் பிறந்ததே அந்த அரை ஏக்கரில்தான். வீடு, கிணறு, பதினெட்டுத் தென்னை, எல்லாம் உண்டு. அனுமதிப்பத்திரம் மட்டும் இல்லை. பைக்குள் தகப்பனின் பங்கீட்டு அட்டை, கிணறு வெட்டியதற்கான பழைய கடிதம், பிள்ளையின் நிறை எழுதிய கிளினிக் அட்டை, மூன்று கிராம உத்தியோகத்தர்கள் மூன்று காலத்தில் கொடுத்த உறுதிக் கடிதங்கள். ஒவ்வொரு இடப்பெயர்விலும் அவள் சோற்றுப் பானையை விட்டுவிட்டு அந்தப் பையை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். புரட்டாதி முப்பதாந் திகதிக்குள் யாருடைய பத்திரங்கள் மேகத்தில் ஏறியிருக்கின்றனவோ அவர்களுக்குத்தான் இந்தச் சுற்றில் காணி அனுமதிப்பத்திரம். தவறினால் அடுத்த சுற்று. போன சுற்று பதினொரு வருடத்துக்கு முன்னால் நடந்தது.

விஜிதரன் எல்லாவற்றையும் நன்றாகவே ஸ்கான் பண்ணினான். மொத்தம் பதினொரு மெகாபைட். ஒரு டெராபைட்டுக்குள் பத்து இலட்சம் மெகாபைட் கொள்ளும். அவனுடைய பன்னிரண்டு ஏக்கரில் அது ஒரு கருவேப்பிலைக் கன்று ஊன்றுகிற இடம்கூட இல்லை. ஆனால் வீடியோ ஏறிக்கொண்டிருந்ததால் லைன் மெதுவாக இருந்தது. “நாளைக்கு ஏத்துறன் அக்கா,” என்றான். அன்று பத்தொன்பதாந் திகதி. மறுநாள் அஜந்தனின் பாவனை பதின்மூன்றைத் தாண்டிவிட்டது என்ற கதை வந்தது, வீடியோவை நிறுத்த மனம் வரவில்லை. அப்படியே எட்டு நாளும் நாளைக்கு நாளைக்கு என்றே போனது.

இருபத்தேழாந் திகதி காலை அவன் அந்தப் பைலை ஏற்றப் பார்த்தபோது, ‘இடம் போதாது’ என்று திரை சொன்னது. பக்கத்தில் அவனுடைய கணக்கு, பன்னிரண்டு அனுமதி, ஒன்பது பாவனை, மூன்று மீதி என்று காட்டியது. மூன்று மீதி இருக்கிறவனுக்குப் பதினொரு மெகாபைட் வைக்க இடமில்லை. நான்கு தடவை முயன்றுவிட்டுச் சிவதர்சினிக்குப் போன் எடுத்தான்.

அவள் குரலில் ஆச்சரியமே இல்லை. நாற்பதும் இன்று விடிய நிரம்பிவிட்டது, உங்கள் மூன்று உங்கள் பத்திரத்தில்தான் இருக்கிறது, டிஸ்கில் இல்லை என்றாள். புது டிஸ்க் வாங்க எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டான். விலை கோரிக் கேள்விப்பத்திரம் போட்டு வாங்க எட்டு மாதம் என்றாள்.

மறுநாள் அவசரக் கூட்டம். முகம் தொங்கிப்போய் வந்தவர்களைப் பணிப்பாளர் புன்சிரிப்போடு வரவேற்றார்.

“நிரம்பிப்போட்டுது எண்டு கவலைப்படுறியள். ஒன்பது மாசத்தில நூற்றுக்கு நூறு வீதப் பாவனை. இதைக் கொழும்பிலயும் ஒருத்தரும் செய்து காட்டேல்லை. ஒரு நிறுவனம் வேலை செய்யாமல் நிண்டுபோறதெண்டால், அது தன்ர முழு வேலையையும் செய்து முடிச்சிட்டுது எண்டுதான் அர்த்தம்.”

உத்தியோகத்தர்களின் கஷ்டம் தனக்கு விளங்காமல் இல்லை என்றும், இட நெருக்கடியைத் தீர்க்க ஒவ்வொருவரின் அனுமதியும் இன்றிலிருந்து இருபத்தைந்து வீதத்தால் கூட்டப்படுகிறது என்றும் அறிவித்தார். புதுப் பத்திரங்களைச் சிவப்பு நாடா கட்டி மேடையில் வைத்துக் கொடுத்தார்கள். விஜிதரனின் பன்னிரண்டு பதினைந்தானது. அஜந்தனின் முப்பது முப்பத்தேழரை. விஜிதரன் மேடையில் நின்றுகொண்டே வித்தியாசத்தைக் கணக்குப் பார்த்தான். முன்பு பதினெட்டு, இப்போது இருபத்திரண்டரை. நிவாரணம் வாங்கியும் அவன் நாலரை பின்னுக்குப் போயிருந்தான்.

கந்தோருக்குத் திரும்பி மறுபடி ஏற்றிப் பார்த்தான். பதினைந்து அனுமதி, ஒன்பது பாவனை, ஆறு மீதி, இடம் போதாது.

செய்ய வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். உள்ளே கிடக்கிறதை யாராவது ஒருவர் அழித்தால்தான் ஏதாவது ஏறும். தன்னிடம் தொள்ளாயிரம் வேலி இருக்கிறது. ஆனால் வேலியைப் பிடுங்கினால் இடம் வெறுமை, வெறுமை என்றால் ரத்து, ரத்தானால் வடக்குக்கு. இருபத்தொன்பதாந் திகதி முழுவதும் அவன் கையை மவுஸில் வைத்துக்கொண்டு இருந்தான். யாராவது வேறு கிளைக்காரன் அழிக்க மாட்டானா என்று பார்த்தான். ஒருவனும் அழிக்கவில்லை. எல்லோருக்கும் ஒரு வடக்கு இருந்தது.

சிவலட்சுமி அக்கா எதிரே சுவரோரத்து நீள வாங்கில் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாகக் காலையில் வந்து மாலையில் போகிறாள். அவன் படும் பாட்டைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது.

“தம்பி, அந்த மேகத்துல எடம் இல்லாட்டிப் பரவாயில்ல,” என்றாள். “நீங்க மனச வருத்திக்காதீங்க. நாப்பத்தாறு வருசமா இந்தப் பையிலதான இருந்திச்சு, இன்னுங் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”

விஜிதரனுக்கு வெட்கமாக இருந்தது. கோபப்பட்டுப் பேசியிருந்தால் அவன் சுற்றுநிருபத்தைக் காட்டித் தப்பியிருப்பான். அவன் கண்ணை மூடிக்கொண்டு எல்லா வேலிகளையும் தெரிவுசெய்து அழித்தான். அழிந்து முடிய நாற்பது நிமிடம் எடுத்தது. பிறகு பைலை ஏற்றினான். இடம் போதாது.

சிவதர்சினி போனில் விளக்கினாள். அழித்தது உங்கள் பக்கத்தில் மட்டும்தான், சேர்வர் இன்னும் அந்த ஒன்பதையும் உங்கள் பெயரில்தான் பிடித்து வைத்திருக்கிறது, அதைப் பொதுவுக்கு நான் திருப்பி எடுக்க வேண்டும். எடுப்பது ஐந்து நிமிட வேலை. ஆனால் கையளிப்புப் படிவம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்பது பணிப்பாளரின் உத்தரவு, அதில் எல்லைக்காரரின் சம்மதக் கையெழுத்தும் வேண்டும். பாதைக்கும் மேய்ச்சல் தரைக்கும் அரச ஒதுக்குக்கும் கையெழுத்துத் தேவையில்லை, வடக்குக்கு மட்டும்தான் என்றாள். நாளைக்கு நாலு மணிக்குப் பதிவு மூடிவிடும் என்றும் சொன்னாள்.

முப்பதாந் திகதி விடியவே விஜிதரன் பத்திரங்களைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு பூநகரிக்கு மோட்டார் சைக்கிளில் போனான். வழி நெடுக எதிர்க்காற்று. அஜந்தன் கந்தோர் வாசலில் நின்று வரவேற்று, கதிரை இழுத்துப் போட்டான். சுவரில் முப்பத்தேழரைப் பத்திரம் நாடாவோடு தொங்கியது. அதன் தெற்கு எல்லையில் விஜிதரனின் பெயர் இருந்தது. அந்தப் பத்திரம் இவனுடையதைவிடப் பெரிய சட்டத்தில் போடப்பட்டிருந்தது.

அஜந்தன் படிவத்தை மூன்று தடவை வாசித்தான். ஒன்பதையும் சும்மா விட்டுக்கொடுக்கிறவன் உலகத்தில் இல்லை என்பது அவன் முகத்தில் எழுதியிருந்தது. இதில் என்ன சூழ்ச்சி, யார் சொல்லித் தந்தது, வேறெங்கும் கூட இடம் கிடைத்துவிட்டதா என்று மாறிமாறிக் கேட்டான். விஜிதரன் சிவலட்சுமி அக்காவின் கதையைச் சொன்னான். அஜந்தன் அதை நம்பவில்லை. பதினொரு மெகாபைட்டுக்காக ஒருவன் ஒன்பது ஏக்கரை விடுவானா?

“உண்மையைச் சொல்லு மச்சான்,” என்றான் கடைசியில். “நீ வேலி அடைக்கிறாய் எண்டு கேள்விப்பட்டுத்தான் நானும் கமரா பூட்டினனான். உன்ர எட்டு பன்னிரண்டானதாம் எண்டு கேட்ட அண்டைக்கு நான் சாப்பிடேல்லை. படிக்கேக்கை இருந்தே நீ எதையெண்டாலும் அமைதியா இருந்து செய்து முடிச்சுப்போடுவாய்.”

ஒன்பது மாதத்தில் விஜிதரன் கேட்ட மிக இனிமையான சொல் இதுதான். தன்னைப் பார்த்தும் ஒருவன் சாப்பிடாமல் இருந்திருக்கிறான். எதிர்க்காற்றில் வந்த களைப்பெல்லாம் பறந்துவிட்டது. படிவத்தைத் திருப்பி வாங்கி மடித்துக்கொண்டு போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தான். நினைத்தபோது பென்டிரைவ் பொக்கற்றுக்குள் தொடையில் குத்தியது.

“கையெழுத்துப் போடு,” என்றான். “முழுக்க உனக்குத்தான் வரும்.”

அந்த ஒரு வசனம் அஜந்தனுக்குப் போதுமாக இருந்தது. இரண்டு இடத்தில் போடவேண்டிய கையெழுத்தை மூன்று இடத்தில் போட்டான். கடைக்கு ஆள் அனுப்பிக் குளிர்ச்சோடா எடுப்பித்து, குடித்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று தோளைப் பிடித்து இருத்தினான். இவ்வளவு அன்பை விஜிதரன் அவனிடம் ஒருநாளும் கண்டதில்லை. பாதிச் சோடாவை மேசையில் வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான்.

கிளிநொச்சிக்கு வந்து சேர மூன்று மணி. சிவதர்சினி படிவத்தைப் பார்த்தாள், அறைக்குள் போய்ச் சேர்வருக்கு முன்னால் இருந்து எதையோ தட்டினாள். ஒன்பதும் பொதுவுக்குத் திரும்பியது. அதைப் பதிவேட்டில் எழுதிய அந்த நிமிடமே அது வடக்குக்குப் போய்விடும், தண்ணீர் வீடியோ வாசலில் காத்து நிற்கிறது என்றாள். ஆனால் பதிவேட்டை எழுத அவளுக்குப் பேனை கிடைக்கவில்லை. மேசையில் இரண்டு கிடந்தன, அவள் மேசை லாச்சியை இழுத்து அதற்குள் தேடினாள். அவள் தேடிக்கொண்டிருந்தபோது விஜிதரன் பென்டிரைவைச் செருகினான். பதினொரு மெகாபைட் ஏறி முடிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ‘சேமிக்கப்பட்டது’ என்று திரையில் வந்ததும் அவளுக்குப் பேனை கிடைத்துவிட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் விதிப்படி நடந்தது. ஒன்பது அஜந்தனுக்குப் போய், இரண்டு கிழமைக்குள் கடல்நீரேரித் தண்ணீரால் நிரம்பியது. சிறந்த இட அபிவிருத்தியாளருக்கான கேடயத்தை அஜந்தனுக்குக் கொடுத்தார்கள். செழித்துக் கிடந்த இடத்தைத் தரிசாக்கியது ஏன் என்று விளக்கம் கோரி விஜிதரனுக்குக் கடிதம் வந்தது. கேடயம் கொடுத்த அன்று பணிப்பாளர் மேடையில், ஒரு கையளவு பைலுக்காகத் தொள்ளாயிரம் தடவை பதியப்பட்ட பேச்சை அழிக்கிறவர்கள் வரலாற்றுக்குப் பதில் சொல்லவேண்டும் என்று பெயர் சொல்லாமல் சொன்னார். விஜிதரன் மூன்றாவது வரிசையில் இருந்து கைதட்டினான். செய்தது சரிதான் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அந்தக் கேடயத்தைப் பார்க்க வயிறு எரிந்தது. இதைவிடச் சின்னக் கேடயமாக இருந்திருக்கக்கூடாதா என்று நினைத்தான்.

மாசி மாதம் ஒரு பகல், சிவலட்சுமி அக்கா அனுமதிப்பத்திரத்தோடு வந்தாள். நேரகாலம் பார்த்து, நல்ல சீலை உடுத்து, முதலில் இவனிடம் காட்டத்தான் வந்திருந்தாள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்தவள்தான், ஆனாலும் அவன் வாசித்துக் கேட்கவேண்டும் என்றாள். விஜிதரன் எழுந்து நின்று வாசித்தான். பெயர், கிராமம், விஸ்தீரணம் அரை ஏக்கர். கிழக்கே வாய்க்கால். தெற்கே வீதி. மேற்கே கோயில் காணி. வடக்கே சிவராசா என்பவரின் காணி, இரண்டு ஏக்கர்.

அவன் நிறுத்தினான். அவளுடைய வடக்குப் பக்கம் பத்து வருடமாக வெறும் பற்றை என்று அவனுக்குத் தெரியும்.

“ஆமா தம்பி, அவருக்கும் இந்தச் சுத்துலயே குடுத்துட்டாங்களாம்,” என்றாள் அவள். “போன வருசம் ஒரு நாள் லொறியில வந்து கம்பி வேலி அடிச்சிட்டுப் போனாரு. அப்புறம் ஆளையே காணல. உள்ள ஒரு மரங்கூட இல்ல. என்னமோ, நல்லா இருக்கட்டும். எனக்கு இது கெடச்சதே பெருசு.”

அவள் பத்திரத்தை வாங்கி, இரண்டு கையாலும் நீவி, பைக்குள் வைத்து, கும்பிட்டுவிட்டுப் போனாள். விஜிதரன் நின்ற இடத்திலேயே நின்றான். அந்தச் சிவராசாவை அவன் கண்டதில்லை. ஆனால் அந்த மனிதன் வேலி அடித்த அன்று எவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருப்பான் என்று அவனுக்கு அச்சொட்டாகத் தெரியும். வயிறு எரிந்தது. முப்பத்தாறு வயதுக்குள் எத்தனையோ தடவை எரிந்திருக்கிறது, எல்லாம் தனக்காக. இன்னொருவருக்காக எரிவது இதுதான் முதல் தடவை. நாற்பத்தாறு வருடம் இருந்தவளுக்கு அரை, ஒருநாள் வேலி அடித்தவனுக்கு இரண்டு, இதைப் போய் யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.